கடாரத்து மணி முதல் கண்ணாடிக் கோயில் வரை

வண்ணக் கண்ணாடி என்று தலைப்புக் கொடுத்தால், மாணவர்கள் நேராக ஐரோப்பியத் தேவாலய ஜன்னலுக்குப் போயிடுவாங்க. அதில் தப்பில்லை. ஆனால் கெடாவில் படிக்கும் பிள்ளைகள் தொடங்க வேண்டிய இடம் நம்ம சுங்கை மாஸ்.

1. மணி செய்த ஊர்

பட்டினப்பாலை 'காழகம்' என்று ஓர் ஊரைச் சொல்கிறது. அது கடாரம்தான் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். இந்தக் கடாரத்தின் துறைமுகப் பகுதிகளில் ஒன்றான சுங்கை மாஸில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. மணிகளோடு அவற்றைச் செய்த கழிவுகளும் கிடைத்ததால், அங்கேயே மணி செய்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கும் முறை அது. இதே முறை அதற்கு முன்பே புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் இருந்தது. ஆக, 1025இல் இராசேந்திர சோழன் படை கடாரத்துக்கு வருவதற்கு முன்பே இரு கரைகளையும் இந்தத் தொழில் இணைத்துவிட்டது.

அந்த நிறம் எப்படி வந்தது? உலோகத்தால். செம்பு சேர்த்தால் பச்சையோ சிவப்போ வரும். கோபால்ட் சேர்த்தால் நீலம். நிறம் கண்ணாடியின் உடம்பிலேயே கலந்திருக்கும்.

2. மாளிகையும் லயமும்

அடுத்து, செட்டிநாடு. காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளில் கதவு, ஜன்னல்களுக்கு மேலே பல நிறக் கண்ணாடிகள் பதித்திருப்பதைப் பார்க்கலாம். பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் ஈட்டிய பணம் அந்த வீடுகளில் இருக்கிறது.

அதே காலத்தில் கெடா ரப்பர் தோட்டங்களில் என்ன நிலைமை? 1909இல் கெடா பிரிட்டிஷாரின் செல்வாக்கின் கீழ் வந்தபின் தோட்டங்கள் பெருகின. பால் மரம் சீவிய நம்ம மக்கள் வாழ்ந்தது பலகைச் சுவர் லயங்களில். ஜன்னல் என்றால் மரக்கதவுதான். மலாயாப் பணம் ஒரு பக்கம் வண்ணக் கண்ணாடியாக ஒளிர்ந்தது. இன்னொரு பக்கம் லயத்து ஜன்னலுக்குச் சாதாரணக் கண்ணாடிகூட எட்டவில்லை. கட்டடப் பொருளை வைத்தே சமூக வரலாற்றைப் படிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

3. குடிசையிலிருந்து கண்ணாடிக்கு

அந்த நிலை மாறியதற்குச் சான்று ஜொகூர் பாருவில் இருக்கிறது. அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம் 1922இல் சிறு குடிசையாகத் தொடங்கியது. 2009 வாக்கில் அது கண்ணாடிக் கோயிலானது. சுமார் 3 லட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் சுவரிலும் தூணிலும் விதானத்திலும் ஒட்டப்பட்டுள்ளன. 2010இல் மலேசியச் சாதனைப் புத்தகத்திலும் இடம்பெற்றது. எளிய மக்கள் கும்பிட்ட குடிசை, சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் கட்டடமாகிவிட்டது.

4. இன்றைய அடுக்குக் கண்ணாடி

கோயிலில் இருப்பது ஒட்டுக் கண்ணாடி. இன்று புதுக் கட்டடங்களில் போடும் அடுக்குக் கண்ணாடி வேறு. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரான்சு நாட்டு எடுவார் பெனடிக்டஸ் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நெகிழிப் படலம் வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுவார்கள். உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் படலத்தோடு ஒட்டிக்கொள்ளும். வண்ணம் வேண்டுமென்றால் நிறப் படலமே போதும். பழைய கண்ணாடியில் நிறம் உடம்பில். இதில் நிறம் நடுவில்.

பாதுகாப்புக்கு இதுதான் நல்லது. ஆனால் ஊர்க் கோயிலையோ பழைய கடைவீட்டையோ புதுப்பிக்கும்போது, பழைய வண்ணக் கண்ணாடியைப் பெயர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீங்க. உடையாத ஒரு துண்டையாவது, எந்தக் கட்டடம், எந்த ஆண்டு என்று எழுதிப் பள்ளி வரலாற்று மூலையில் வையுங்கள். சுங்கை மாஸ் கதையே மண்ணில் கிடந்த சின்னச் சின்ன மணிகள் சொன்னதுதானே?

பயிற்சி வினா: 'கட்டடப் பொருள் ஒரு சமூகத்தின் ஏற்றத்தாழ்வைக் காட்டும்.' செட்டிநாட்டு மாளிகை, கெடா தோட்ட லயம் ஆகியவற்றை ஒப்பிட்டு விளக்குக.