குறைந்த வருவாயிலும் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பெருக்குவது எப்படி? திட்டங்களும் கவனிக்க வேண்டியவையும்

இந்தியாவில் உழைப்போரில் பெரும்பாலானோர் அமைப்புசாரா துறையைச் சேர்ந்தவர்கள். தினக்கூலித் தொழிலாளர்கள், சிறு வணிகர்கள், ஓட்டுநர்கள், வீட்டுப் பணியாளர்கள் உள்ளிட்ட இவர்களுக்கு, உழைப்பு நிற்கும் நாளில் வருவாயும் நின்றுவிடுகிறது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு மத்திய அரசு அளிக்கும் பங்கு மாதம் ரூ.200, 80 வயதைக் கடந்தோருக்கு ரூ.500. மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்த்து வழங்கினாலும், அத்தொகையை மட்டுமே நம்பி முதுமையைக் கடப்பது கடினம். எனவே, மாதம் சில நூறு ரூபாய் மட்டுமே சேமிக்க இயலும் குடும்பங்கள், அதை எங்கே, எந்த வரிசையில் செலுத்துகின்றன என்பது முக்கியமாகிறது.

முதலில் கடன், அடுத்து அவசர நிதி

மாதம் 2 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன், ஆண்டுக்கு 24 சதவீதம் ஆகிறது. அக்கடனை வைத்துக்கொண்டு 7 அல்லது 8 சதவீத வட்டி தரும் திட்டத்தில் பணம் செலுத்துவது இழப்பையே தரும். ஆகவே, அதிக வட்டிக் கடனை அடைப்பதே முதல் சேமிப்பு. அடுத்ததாக, குறைந்தது 3 மாதக் குடும்பச் செலவுக்கான தொகையை வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் தனியே வைக்க வேண்டும். அந்த இருப்பு இல்லாதபோது, திடீர் மருத்துவச் செலவோ வேலையிழப்போ ஓய்வுக்காலச் சேமிப்பைப் பாதியிலேயே கரைத்துவிடும்.

குறைந்த கட்டணக் காப்பீடும் அவசியம். ஆண்டுக்கு ரூ.436 செலுத்தினால் ரூ.2 லட்சம் ஆயுள் காப்பீடு தரும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயது வரையிலானோர் சேரலாம். ஆண்டுக்கு ரூ.20-க்கு ரூ.2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் சுரக்ஷா திட்டத்தில் 70 வயது வரை தொடரலாம்.

மாதச் சம்பளம் பெறுவோர்

ஊழியர் வருங்கால வைப்பு நிதியில் உள்ளவர்களின் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி ஆகியவற்றில் 12 சதவீதம் பிடித்தம் செய்யப்படுகிறது. நிறுவனமும் 12 சதவீதம் செலுத்துகிறது. நிறுவனத்தின் பங்கில் 8.33 சதவீதம், ரூ.15,000 ஊதிய வரம்புக்கு உள்பட்டு, ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது. 2024-25 நிதியாண்டுக்கு வருங்கால வைப்பு நிதிக்கான வட்டி 8.25 சதவீதம். அஞ்சலகச் சிறுசேமிப்புத் திட்டங்கள் பலவற்றைவிட இது அதிகம். கூடுதலாகச் சேமிக்க விரும்புவோர், விருப்ப அடிப்படையில் தம் பங்கை 12 சதவீதத்துக்கு மேல் உயர்த்துமாறு நிறுவனத்திடம் கேட்கலாம்.

வேலை மாறும்போது வைப்பு நிதியை எடுத்துச் செலவிடுவதே பலரது முதுமையைப் பாதிக்கிறது. யுஏஎன் எனப்படும் பொதுக் கணக்கு எண்ணின் மூலம் பழைய இருப்பைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே சரியான வழி. 5 ஆண்டுகள் தொடர் பணி நிறைவடையும் முன் பணத்தை எடுத்தால் வருமான வரியும் விதிக்கப்படக்கூடும்.

மாத ஓய்வூதியம் பெற குறைந்தது 10 ஆண்டு பணிக்காலம் தேவை. முழு ஓய்வூதியம் 58 வயதில் தொடங்கும். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் ஓய்வூதியத் தொகை கிடைக்கும். ரூ.15,000 சம்பளத்தில் 15 ஆண்டுகள் பணிபுரிந்தவருக்கு இது மாதம் சுமார் ரூ.3,214. பத்தாண்டுகள் முடிவதற்குள் பணியிலிருந்து விலகுவோர், ஓய்வூதியப் பங்கைப் பணமாக எடுக்காமல் திட்டச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், பின்னர் சேரும் பணியின் காலத்தோடு முந்தைய பணிக்காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அமைப்புசாரா தொழிலாளர்களுக்கு இரு திட்டங்கள்

2015-இல் தொடங்கப்பட்ட அடல் பென்ஷன் யோஜனா திட்டத்தில், சேமிப்புக் கணக்கு உள்ள 18 முதல் 40 வயது வரையிலானோர் சேரலாம். வருமான வரி செலுத்துவோர் 2022 அக்டோபர் 1 முதல் இதில் புதிதாகச் சேர இயலாது. 60 வயது முதல் மாதம் ரூ.1,000, ரூ.2,000, ரூ.3,000, ரூ.4,000, ரூ.5,000 ஆகியவற்றில் தேர்ந்தெடுத்த தொகை, அரசின் உத்தரவாதத்துடன் ஓய்வூதியமாகக் கிடைக்கும். சந்தாதாரர் மறைந்தால் வாழ்க்கைத் துணைக்கு அதே ஓய்வூதியம் தொடரும். இருவருக்கும் பின், ரூ.5,000 ஓய்வூதியத்துக்கு உரிய ரூ.8.5 லட்சம் நாமினியிடம் ஒப்படைக்கப்படும்.

இத்திட்டத்தில் சேரும் வயதே செலவைத் தீர்மானிக்கிறது. ரூ.5,000 ஓய்வூதியம் பெற 18 வயதில் சேர்பவர் மாதம் ரூ.210 செலுத்துகிறார், 42 ஆண்டுகளில் மொத்தம் ரூ.1,05,840. 30 வயதில் சேர்பவர் மாதம் ரூ.577 வீதம் ரூ.2,07,720 செலுத்துகிறார். 40 வயதில் சேர்பவரின் மாதத் தவணை ரூ.1,454, மொத்தம் ரூ.3,48,960. கிடைப்பது மூவருக்கும் ஒரே தொகைதான்.

தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் என்பதால், உரிய நாளில் கணக்கில் இருப்பு இருக்க வேண்டும். மாதந்தோறும் செலுத்த இயலாதோர் காலாண்டு அல்லது அரையாண்டுத் தவணையைத் தேர்வு செய்யலாம். வருவாய்க்கு ஏற்ப ஓய்வூதியத் தொகையை நிதியாண்டுக்கு ஒருமுறை கூட்டவோ குறைக்கவோ முடியும்.

மாத வருவாய் ரூ.15,000-க்கு மிகாத அமைப்புசாரா தொழிலாளர்களுக்காக 2019-இல் தொடங்கப்பட்டது பிரதமரின் ஷ்ரம் யோகி மாந்தன் திட்டம். வயதுக்கு ஏற்ப மாதம் ரூ.55 முதல் ரூ.200 வரை செலுத்த வேண்டும். அதே அளவு தொகையை மத்திய அரசும் செலுத்தும். 29 வயதில் சேர்பவருக்குத் தவணை ரூ.100. 60 வயது முதல் மாதம் ரூ.3,000 கிடைக்கும். பொதுச் சேவை மையங்களில் ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களுடன் சேரலாம். ஊழியர் வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ, தேசிய ஓய்வூதியத் திட்டம் ஆகியவற்றின் உறுப்பினர்களும், வருமான வரி செலுத்துவோரும் இதில் சேர இயலாது.

இரண்டுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மாந்தன் திட்டத்தில் ஓய்வூதியதாரர் மறைந்தால் வாழ்க்கைத் துணைக்குப் பாதித் தொகையே கிடைக்கும். இருவருக்கும் பின் சேமிப்பு நிதி பிள்ளைகளுக்குச் செல்லாது.

நீண்டகாலச் சேமிப்பு

வயது வரம்பைக் கடந்தவர்களும் கூடுதலாகச் சேமிக்க விரும்புவோரும் பொது வருங்கால வைப்பு நிதியைப் பயன்படுத்தலாம். அஞ்சலகங்களிலும் வங்கிகளிலும் இக்கணக்கைத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் ரூ.500, அதிகபட்சம் ரூ.1.5 லட்சம் செலுத்தலாம். 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 சதவீதமாக உள்ளது. வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வருமான வரி இல்லை. கணக்குதாரரின் கடனுக்காக இத்தொகையை ஜப்தி செய்ய இயலாது.

ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குப் பின் மாத இறுதி வரையிலான குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி கணக்கிடப்படும். எனவே 5-ஆம் தேதிக்குள் பணம் செலுத்துவது நன்று. ஆண்டுத் தொடக்கத்தில் ரூ.12,000 வீதம் செலுத்தினால், தற்போதைய வட்டியில் 15 ஆண்டுகளில் சுமார் ரூ.3.25 லட்சம் சேரும். செலுத்திய தொகை ரூ.1.80 லட்சம். ஐந்தைந்து ஆண்டுகளாக இருமுறை நீட்டித்து, 25 ஆண்டுகள் தொடர்ந்து செலுத்தினால் சுமார் ரூ.8.24 லட்சம் ஆகும். கடைசி 10 ஆண்டுகளில் கூடுதலாகச் செலுத்திய ரூ.1.20 லட்சத்துக்குக் கிடைக்கும் வளர்ச்சி ரூ.5 லட்சத்துக்குச் சற்றே குறைவு. கூட்டு வட்டியின் பெரும்பயன் இறுதி ஆண்டுகளில்தான் கிடைக்கிறது என்பதால், முதிர்ந்தவுடன் கணக்கை முடிக்காமல் நீட்டிப்பது லாபகரமானது.

ஆண்டுக்கு ரூ.1,000 செலுத்த முடிந்தவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம். 2009 மே முதல் அனைத்துக் குடிமக்களுக்கும் இது திறந்துவிடப்பட்டது. பங்குச்சந்தை, அரசுப் பத்திரங்கள் ஆகியவற்றில் முதலீடு செய்யப்படுவதால் வருவாய் உயரவும் குறையவும் கூடும், உத்தரவாதம் இல்லை. நீண்ட காலம் காத்திருக்க இயலும் இளவயதினருக்கே இது பொருத்தமானது.

பணவீக்கத்தை மறக்கலாகாது

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்வதாகக் கொண்டால், 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். இன்று 30 வயதில் உள்ளவர் 60 வயதில் பெறும் ரூ.5,000-இன் மதிப்பு, இன்றைய சுமார் ரூ.870-க்குத்தான் சமம். உத்தரவாத ஓய்வூதியம் விலைவாசியோடு உயர்வதில்லை. ஆகவே அதை அடித்தளமாக மட்டுமே கொண்டு, அதன் மேல் வேறு சேமிப்பையும் வளர்க்க வேண்டும்.

இதற்கு எளிய வழி, ஆண்டுதோறும் தவணையைச் சிறிதளவு உயர்த்துவது. மாதம் ரூ.1,000 என்று தொடங்கி 20 ஆண்டுகள் மாற்றமின்றிச் செலுத்தினால் அசல் மட்டும் ரூ.2.40 லட்சம். ஒவ்வோர் ஆண்டும் மாதத் தவணையில் ரூ.100 கூட்டினால் அசல் ரூ.4.68 லட்சமாக உயரும். கூலி உயர்வு, போனஸ், கடன் தவணை முடிவு போன்றவை வரும் மாதத்திலேயே தவணையை உயர்த்துவது எளிது.

அறுபதுக்குப் பின்

கையில் கிடைக்கும் மொத்தத் தொகையை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ரூ.30 லட்சம் வரை முதலீடு செய்யலாம். தற்போதைய 8.2 சதவீத வட்டியில், ரூ.5 லட்சத்துக்குக் காலாண்டுக்கு ரூ.10,250 கிடைக்கும். மருத்துவச் செலவைப் பொறுத்தவரை, 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருவாய் வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு 2024 அக்டோபர் முதல் வழங்கப்படுகிறது.

சேமித்ததைக் காப்பது

வங்கி வைப்புகளுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அஞ்சலகச் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு. வழக்கத்துக்கு மாறான வட்டி தருவதாகக் கூறும் பதிவு பெறாத நிறுவனங்களில் இப்பாதுகாப்பு எதுவும் இல்லை. அனுமதியின்றி வைப்புத்தொகை திரட்டுவது 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எல்லாக் கணக்குகளிலும் நாமினியின் பெயரைப் பதிவு செய்து, கணக்கு விவரங்களைக் குடும்பத்தினரிடம் தெரிவித்து வைக்க வேண்டும். 10 ஆண்டுகள் இயக்கப்படாத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படுகின்றன. உரியவர்கள் பின்னரும் அவற்றைக் கோரிப் பெறலாம். பல வங்கிகளில் உள்ள இத்தகைய கணக்குகளைத் தேட ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளம் உதவுகிறது.

சிறுசேமிப்பு வட்டி விகிதங்களை மத்திய அரசு காலாண்டுதோறும் மறுஆய்வு செய்கிறது. எனவே, எந்தத் திட்டத்திலும் சேரும் முன் அன்றைய வட்டி, தகுதி, இடையில் பணம் எடுப்பதற்கான விதிகள் ஆகியவற்றை அருகிலுள்ள அஞ்சலகத்திலோ வங்கிக் கிளையிலோ உறுதி செய்துகொள்வது அவசியம்.