கேட்பதும் கேட்காமல் இருப்பதும்: யாழ்ப்பாணமும் பரமத்தியும்

நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தியில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமுக்கோ சேலத்துப் பவளத்தானூர் முகாமுக்கோ சமூகப்பணி மாணவரைக் களப்பணிக்கு அனுப்பும் பேராசிரியருக்கு, ‘இரு தரப்பும் தமிழர்தானே’ என்ற நம்பிக்கை எளிதில் வந்துவிடும். யாழ்ப்பாணத்து அனுபவத்தை அருகில் வைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது.

யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய சாந்திகம் என்ற உளவளத்துணை அமைப்பு, போருக்கு நடுவிலேயே உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தது. பயிற்றுவித்தவர், பயின்றவர், உதவி தேடி வந்தவர் எல்லாரும் ஒரே ஷெல்லடியில் வாழ்ந்தவர்கள். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது துணையாளரும் மூட்டையோடு நடந்தார். அங்கே வழிகாட்டுபவரின் முதல் வேலை, பிறர் துயரைக் கேட்கும் துணையாளரின் சொந்தத் துக்கத்துக்கும் இடம் கொடுப்பது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் மேலைநாட்டு முறைகளோடு சாந்தி ஆசனம், மந்திர உச்சாடனம் போன்ற உள்ளூர் வழிகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கே தமிழ்நாட்டில் மாணவர் போரைக் காணாதவர். ஈழத்தைப் பற்றி மேடைப் பேச்சிலும் திரைப்படத்திலும் அறிந்தவர். வீரக் கதையை எதிர்பார்த்துப் போகிறார். முகாமில் இருப்பவருக்கோ மகளின் வேலையும் குடியுரிமையும்தான் கவலை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991க்குப் பின் முகாம்கள் கடும் கண்காணிப்புக்குள் வந்தன. ‘கியூ’ பிரிவு உளவுக் காவலருக்குப் பதில் சொல்லிப் பழகியவர்களிடம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால், அக்கறைகூட விசாரணையாகவே தோன்றும். கொங்கு நாட்டில் “எந்த ஊருங்க, என்ன கூட்டமுங்க?” என்று கேட்பது உறவு தேடும் பாசம். முகாமில் அதே கேள்வி ஊரையும் சாதியையும் துருவுவதாகப் படும். பெரியவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினால், மாணவர் அதை ஒத்துழையாமை என்று அறிக்கையில் எழுதக்கூடும்.

ஆகவே யாழ்ப்பாணத்தில் கேட்பவரைத் தாங்குவது வழிகாட்டல் என்றால், இங்கே கேட்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதே பெரும்பங்கு என்பேன். முதல் சில வாரங்கள் குறிப்பெடுக்க வேண்டாம். யார் எந்தப் படகில் வந்தார், இலங்கையில் அவருக்கு யார் இருக்கிறார் என்பவை களப்பணி அறிக்கையில் ஏறவே கூடாது; அது யார் மேசைக்குப் போகும் என்பதற்கு உறுதியில்லை.

சாந்திகத்தில் இயல்பாக இருந்த உள்ளாள் பார்வையை நாம் முயன்றுதான் பெற வேண்டும். இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஓஃபர் (OfERR) என்ற ஈழ ஏதிலியர் அமைப்பு, முகாம்வாசிகளையே முகாம் பணிக்குப் பழக்கியது. அப்படிப் பழகிய ஒருவரைத் துறையின் வழிகாட்டியோடு சமமாக உட்காரவைத்து, மாணவரின் அறிக்கையை அவரும் படித்துத் திருத்தும் உரிமையையும், அதற்குரிய மதிப்பூதியத்தையும் கல்லூரிகள் தர வேண்டும்.