கைரேகையிலிருந்து மூளை ரேகை வரை

போன மாசம் ஆபீஸ்ல ஒரு டெமோ. தலையில மாட்டுற பட்டை மாதிரி ஒரு கருவி. மூளையோட மின்னலைகளை வாங்கி, நாம சந்தோஷமா இருக்கோமா, டென்ஷனா இருக்கோமான்னு திரையில காட்டும். நான் மாட்டினதும் டென்ஷன்னு சிவப்புக் கோடு விறுவிறுன்னு ஏறிடுச்சு. உண்மையில எனக்குப் பசி, அவ்வளவுதான் :-)

ராத்திரி கம்பத்துக்குப் போன் பண்ணி அப்பத்தாகிட்ட இதைச் சொன்னேன். அது சிரிக்கல. "ரேகை எடுத்த மாதிரியாடா?"ன்னு கேட்டுச்சு.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இந்தக் கேள்வி புரியும். 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளைக்காரன் பிரமலைக் கள்ளர்கள் மேல போட்டப்ப, தப்பு செஞ்சானா இல்லையான்னு பார்க்கல. பிறந்த சாதியைப் பார்த்தான். ஆம்பளைங்க கைரேகை வைக்கணும், ராத்திரி போலீஸ் ஸ்டேஷன்ல போய்ப் படுக்கணும். அப்பத்தாவோட அப்பா அப்படிப் படுத்தவர்தான். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு நின்னவங்களை 1920 ஏப்ரல் 3ஆம் தேதி சுட்டாங்க. மாயக்காள் உட்பட 16 பேர் செத்தாங்க. சென்னை மாகாணத்துல இந்தச் சட்டம் ஒழிஞ்சது 1947ல்தான்.

இப்ப மூளைக்கு வருவோம். மனுஷ மூளையோட மின்னலையை ஜெர்மனியில ஹான்ஸ் பெர்கர் முதன்முதலா பதிவு செஞ்சது 1924ல். அதைக் கம்ப்யூட்டரோட இணைக்கலாம்னு ழாக் விடால் எழுதினது 1973ல். நோக்கம் நல்லதுதான். கைகால் அசைக்க முடியாதவங்களுக்கு இது பெரிய வரம்.

ஆனா நம்ம நாட்டுல இந்தத் தொப்பி போலீஸ் விசாரணைக்கும் போச்சு. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல இருந்த முகுந்தன் உருவாக்கின முறை அது. சம்பவத்தைப் பத்தின வாக்கியங்களை வாசிச்சுக்காட்டி, அந்த அனுபவம் மூளையில இருக்கான்னு அலையை வச்சுச் சொல்றது. 2008ல் புனேயில ஒரு கொலை வழக்குல இந்தச் சோதனையையும் சேர்த்துக்கிட்டு தண்டனை கொடுத்தாங்க. அதே வருஷம் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையில இருந்த குழு, இதுக்குப் போதுமான அறிவியல் ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு.

2010 மே 5ஆம் தேதி, செல்வி வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்துச்சு. நார்கோ, பொய் கண்டறியும் கருவி, மூளை மின்னலைச் சோதனை மூணையும் சம்மதம் இல்லாம யார் மேலயும் நடத்தக் கூடாது. தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாதுன்னு சொல்ற அரசியல் சட்டம் 20(3)தான் அடிப்படை.

பொய் கண்டறியும் கருவி அளக்குறது இதயத்துடிப்பு, மூச்சு, வியர்வை. பயந்தா எல்லாம் ஏறும். ஆனா ஏன் பயந்தான்னு அதுக்குத் தெரியாது. ராத்திரி ராத்திரி ஸ்டேஷன்ல படுத்து எழுந்த மனுஷனை அந்த நாற்காலியில உட்கார வச்சா, ஒரு தப்பும் செய்யாமலே அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கும். கருவி அதைக் குத்தம்னு படிச்சிருக்கும். என் பசியை டென்ஷன்னு படிச்ச மாதிரி.

இப்ப ஆபீஸ்ல, டீம் மொத்தமும் தினமும் அந்தப் பட்டையை மாட்டினா நல்லதுன்னு ஒரு பேச்சு ஓடுது. மனநலத்துக்காம். மீட்டிங்ல எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "வேண்டாம்னு சொல்லலாமா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசல. "சொல்லலாம்... ஆனா ஏன் சொல்லணும்?"னாங்க.

நான் வேண்டாம்னுட்டேன். அப்பத்தாகிட்ட சொன்னேன். இந்தத் தடவை சிரிச்சுச்சு.