அண்ணனுக்கு அலை, தங்கைக்குக் கரை: அறுகம்குடாவில் பிறவித் திறனும் பயிற்சியும்

மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்க வேண்டுமா என்று கேட்பார்கள். இலங்கையில் பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவில், ஊரார் உல்லை என்று சொல்லும் கரையில், சேர்ஃபிங் பலகையோடு கடலில் இறங்கும் இளைஞர்களைப் பற்றியும் இதே பேச்சுத்தான். கடல் அவர்களுடைய இரத்தத்திலேயே ஊறியதாம். பாராட்டாகச் சொல்லப்படும் இந்த வார்த்தை, அவர்கள் பட்ட பாட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

திறமை பரம்பரையாக வருவது என்ற வாதத்தைப் புள்ளிவிவரங்களோடு எழுதியவர் பிரித்தானியரான பிரான்சிஸ் கால்ட்டன். அவருடைய நூல் 1869இல் வெளிவந்தது. 1993இல் அண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து, தேர்ச்சிக்கு அடிப்படை பல்லாண்டுத் திட்டமிட்ட பயிற்சி என்றனர். 2014இல் புரூக் மக்னமாரா குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விளையாட்டில் ஆளுக்காள் காணப்படும் வேறுபாட்டில் 18 சதவீதத்தையே அத்தகைய பயிற்சியால் விளக்க முடிந்தது. மீதி முழுவதும் பிறவிக் கொடை என்று இதற்குப் பொருளல்ல. தொடங்கிய வயது, வாய்ப்பு, உடல்வாகு, அளவீட்டுப் பிழை எல்லாம் அந்த மீதிக்குள் கிடக்கின்றன.

கடலோர மக்களிடமே நடந்த இரண்டு ஆய்வுகள் இன்னும் நெருக்கமாகப் பேசுகின்றன. தாய்லாந்துக் கடற்பகுதியின் மோக்கன் சிறுவர்கள் ஐரோப்பியச் சிறுவர்களைவிட நீருக்கடியில் இரு மடங்கு தெளிவாகப் பார்ப்பதைச் சுவீடனின் அன்னா கிஸ்லேன் 2003இல் காட்டினார். கண்மணியை இயன்றவரை சுருக்கிக்கொள்வதே அவர்களின் உத்தி. பிறவி வரம் என்று முடித்திருக்கலாம். ஆனால் ஐரோப்பியச் சிறுவர்கள் சிலருக்கு 11 அமர்வுகள் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சில மாதங்களில் அவர்களும் அதே தெளிவை எட்டிவிட்டார்கள். மாறாக, இந்தோனேசியாவின் பஜாவ் மக்களுக்கு அயல் சமூகத்தாரைவிட மண்ணீரல் ஏறக்குறைய 50 சதவீதம் பெரிது என்று 2018இல் வெளியான ஆய்வு கண்டது. கடலில் மூழ்காத பஜாவ்களுக்கும் அப்படியே. அது உண்மையிலேயே இரத்த வழி வந்தது.

உல்லைப் பையன்களின் திறமை இவற்றில் எந்த வகை?

பலகை இங்கே பழைய பொருளல்ல. வெளிநாட்டுச் சறுக்கல்காரர்கள் 1970களில் இந்தக் கரைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் அவர்களைப் பார்த்தும் அவர்கள் விட்டுச்சென்ற பலகைகளில் ஏறியும் பழகினார்கள். அதற்கு முன்பே அவர்களிடம் இருந்தது வேறு கல்வி: எந்த அலை கழிந்ததும் தோணியைத் தள்ளுவது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, கரையில் எந்த மரத்தை அடையாளம் வைப்பது. தகப்பனோடு போய்ப் போய் வந்த அறிவு அது. யாரும் வகுப்பு எடுக்காததால் அது கல்வி என்று கணக்கில் வரவில்லை.

இங்குள்ள மெயின் பொயின்ட் என்னும் சறுக்குமிடத்தில் ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலை நன்றாக இருக்கும். முனையைச் சுற்றி வளைந்து வரும் அலை, மொத்தமாகச் சரியாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உடைந்துகொண்டே போகும். சறுக்குபவர் அந்த உடைப்புக்குச் சற்று முன்னே, தன் வலப்பக்கமாக ஓட வேண்டும். குப்புறக் கிடந்து கையால் வலித்து, அலை பலகையைத் தூக்கும் கணத்தில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றிக் காலை உள்ளே இழுத்து எழும்ப வேண்டும். எழும்பச் சில நாட்களில் பழகிவிடலாம். எங்கே காத்திருப்பது, எதை விட்டுவிடுவது என்ற கணிப்புக்குத்தான் வருடக்கணக்கு. தோணிக்காரப் பிள்ளை முந்திக்கொள்வது இந்த இடத்தில்.

இரத்த வாதத்துக்கு நேர்மையான சோதனை ஒரே வீட்டிலேயே கிடைக்கிறது. அறுகம்குடாவைச் சேர்ந்த ஷமலி சஞ்சயாவின் தகப்பன் அலையில் ஏறியவர். அண்ணன் அசங்க சஞ்சீவ தேசிய சாம்பியன். தங்கைக்கோ கரைதான் எல்லை. பெண்ணுக்குக் கடலில் என்ன வேலை என்பது ஊர்வழக்கு. கலிபோர்னியாவிலிருந்து 2011இல் அயலில் குடியேறிய டிஃபனி கரோதர்ஸ் பலகையைக் கொடுத்துச் சொல்லித்தந்த பிறகே ஷமலி அலை ஏறினார். 2018இல் அறுகம்குடாப் பெண்கள் சேர்ஃப் கழகம் உருவானது. இலங்கையில் பெண்களுக்கென அமைந்த முதல் சேர்ஃப் கழகம் அதுவே.

அண்ணனும் தங்கையும் ஒரே இரத்தம். வித்தியாசம் பலகையிலும், கடலில் கழித்த மணிநேரங்களிலும், பார்த்துக்கொண்டிருந்த ஊரின் கண்களிலும் இருந்தது. உடல்வாகுக்குப் பங்கே இல்லை என்று இதைக் கொண்டு சாதிக்க முடியாதுதான். ஒரு குடும்பம் ஒரு சமூகத்துக்குச் சான்றாகாது. ஆனாலும் பிறவி பற்றிய பேச்சு யாரைப் பயிற்சிக்கு அழைக்கிறது, யாரை வாசலிலேயே நிறுத்துகிறது என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது.

2004 டிசெம்பர் 26இன் சுனாமி இந்தக் கரையைத் துடைத்துப்போட்டது. உள்நாட்டு யுத்தம் 2009 வரை நீண்டது. இரண்டுக்கும் பிறகு, 2019 செப்டெம்பரில் உலக சேர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி மெயின் பொயின்ட்டில் நடந்தது. அது ஆண்களுக்கான போட்டி.