தாமான் நெகாரா: மூன்று மாநிலங்கள் இணைந்து காத்த காடு

பள்ளி விடுமுறைக் காலத்தில் மாணவர்களைத் தாமான் நெகாராவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் பலர். கோலா தகானில் படகேறுகிறோம். மரங்களுக்கிடையே கட்டிய தொங்குபாலத்தில் நடக்கிறோம். ஆனால் அக்காடு எவ்வாறு இன்றளவும் காடாகவே நிலைத்தது என்னும் வினாவை நாம் அதிகம் எழுப்புவதில்லை. அதற்கான விடை வரலாற்றில் உள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பரே பெருஞ்செல்வமாகக் கருதப்பட்டது. காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்தவர்களுள் நம் முன்னோர் பெருந்தொகையினர். ஆகவே, இந்த வரலாறு நமக்கும் உரியது. அக்காலத்தில் யானையும் செலாடாங் எனும் காட்டெருதும் பயிரை அழிக்கும் பகையாகவே எண்ணப்பட்டன. அவற்றைச் சுட்டுக் கொல்வது வீரம் எனப் போற்றப்பட்டது.

அவ்வாறு வேட்டையாடியவர்களுள் ஒருவர் தியோடர் ஹப்பேக். கோலாலம்பூர் பழைய இரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பேக்கின் உடன்பிறந்தவர் இவர். யானை வேட்டை, செலாடாங் வேட்டை பற்றி 1905ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியவர். விலங்குகள் அருகிவருவதைக் கண்ட இவரே பின்னாளில் அவற்றின் காவலரானார். 1925ஆம் ஆண்டில் குனோங் தகான் மலைப்பகுதி விலங்குக் காப்பகமாக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டில் அமைந்த மலாயா வனவிலங்கு விசாரணை ஆணையத்தின் பொறுப்பும் ஹப்பேக்கிடமே வந்தது. 1932ஆம் ஆண்டில் அதன் அறிக்கை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

அடுத்து நிகழ்ந்ததே மிக முக்கியமானது. பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் 1938, 1939ஆம் ஆண்டுகளில் தனித்தனியே சட்டம் இயற்றித் தத்தம் நிலத்தை ஒரே பூங்காவாக இணைத்தன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் தாங்கிய அப்பூங்காவே விடுதலைக்குப் பின் 'தாமான் நெகாரா' ஆயிற்று. அதன் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு! பாத்தேக் பழங்குடியினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

சட்டம் இருந்தமையால் ஆபத்து நீங்கிவிட்டதா? இல்லை. 1970களில் தெம்பெலிங் ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டம் எழுந்தது. அது நிறைவேறியிருந்தால் பூங்காவின் ஒரு பகுதி நீரில் மூழ்கியிருக்கும். பலத்த எதிர்ப்புக்குப் பின்னரே அத்திட்டம் கைவிடப்பட்டது. 1977ஆம் ஆண்டில் எண்டாவ்–ரொம்பின் காட்டில் மரம் வெட்ட உரிமம் வழங்கப்பட்டபோதும் மக்கள் குரல் எழுப்பினர். அங்கும் வெட்டு நிறுத்தப்பட்டது. அரசு காக்க வேண்டுமாயின் மக்கள் கேட்க வேண்டும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

நம் அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. மரம் வெட்டினால் மாநிலத்திற்கு வருமானம். காத்தால் என்ன கிடைக்கும்? இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சியாக, இயற்கையைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு நிதி வழங்கும் திட்டம் 2019ஆம் ஆண்டில் 60 மில்லியன் ரிங்கிட்டுடன் தொடங்கியது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அது 250 மில்லியனாக உயர்ந்தது. இது வரவேற்கத்தக்க மாற்றம்.

எனினும், காலம் கடந்துகொண்டிருக்கிறது. 1950களில் தீபகற்பத்தில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, எஞ்சியவை 150க்கும் குறைவு. சுமத்திரா காண்டாமிருகமோ 2019ஆம் ஆண்டில் நம் நாட்டிலிருந்து முற்றிலும் மறைந்தது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டில் மேலும் கடுமையாக்கப்பட்டது. முன்னாள் படைவீரர்களும் பழங்குடியினரும் சமூகக் காவலர்களாகக் காட்டில் சுற்றிக் கண்ணிகளை அகற்றுகின்றனர். காண்டாமிருகத்திற்குக் காலந்தாழ்ந்து வந்த உதவி புலிக்கேனும் உரிய வேளையில் வந்து சேர வேண்டும்.

அன்பார்ந்த ஆசிரியர்களே, பெற்றோர்களே! நம் நாட்டுச் சின்னத்தில் இரு புலிகள் நிற்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அவை வாழும் காட்டைக் காத்த சட்டங்களின் கதையையும் சேர்த்தே சொல்லித் தருவோம். இன்று வகுப்பறையில் அமர்ந்திருப்பவர்கள் நாளை வாக்களிப்பார்கள். அவர்களுள் சிலர் மாநில நிலத்துறையிலும் அமர்வார்கள். ஒரு காட்டுக்கு உரிமம் வழங்குவதா, மறுப்பதா என்று முடிவெடுக்கும் வேளையில் இவ்வரலாறு அவர்கள் நினைவில் இருக்கட்டும்.