செல்லுக்குள் ஓர் அபயக்குரல்: எஸ்.ஓ.எஸ். என்ற பெயரின் கதை

கப்பல்களின் அபாயக் குறியான எஸ்.ஓ.எஸ். என்ற மூன்று எழுத்துக்கு விரிவு கிடையாது. ‘எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்’ என்று சொல்லப்படுவதெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று இடைவெளி விடாமல் தட்டினால் எந்த இரைச்சலிலும் அது தனித்துக் கேட்கும். அதற்காகவே ஜெர்மனி 1905இல் இதைத் தன் கம்பியில்லாத் தந்தி விதிகளில் சேர்த்தது. 1906இல் பெர்லினில் கூடிய சர்வதேச மாநாடு ஏற்றுக்கொள்ள, 1908 ஜூலை 1 முதல் கடலெங்கும் நடைமுறைக்கு வந்தது. மார்க்கோனி நிறுவனத் தந்தியாளர்கள் சி.கியூ.டி. என்ற தங்கள் பழைய குறியை எளிதில் விடவில்லை. 1912இல் டைட்டானிக்கிலிருந்து இரண்டுமே போயின.

இந்தக் கடல்மொழியை நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குச் சூட்டியவர் மிரோஸ்லாவ் ராட்மன். 1944இல் ஸ்பிளிட் நகரில் பிறந்த குரோஷியர். டி.என்.ஏ. சேதமடைந்தால் பாக்டீரியா தனக்குள் ஓர் அபாய அறிவிப்பை எழுப்புகிறது, அதைக் கேட்டு, அதுவரை உறங்கிய மரபணுக்கள் விழிக்கின்றன என்று அவர் கருதினார். 1970இல் சக ஆய்வாளர்களுக்கு அனுப்பிய குறிப்பில் இருந்த இந்தக் கருத்து, 1974, 1975ஆம் ஆண்டுகளில் ‘எஸ்.ஓ.எஸ். பழுதுபார்ப்பு’ என்று அச்சேறியது.

நல்ல பெயர்தான். ஆனால் கப்பல் அனுப்பும் சைகையைக் கேட்க வேறு கப்பல்கள் உண்டு. ஒற்றைச் செல்லுக்கு யார் உண்டு? இந்தக் கேள்விக்கு விடை வைரஸிடம் இருக்கிறது. செல்லின் அபயக்குரலை அதற்குள் ஒளிந்திருக்கும் வைரஸ் ஒட்டுக்கேட்கிறது. அறிவியலும் அந்தக் குரலை முதலில் வைரஸின் வழியாகத்தான் அடையாளம் கண்டது.

1950இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆந்த்ரே ல்வோஃபும் அவர் குழுவினரும், தலைமுறை தலைமுறையாக வைரஸைச் சாதுவாகச் சுமந்துவந்த ஒரு பாக்டீரியாவின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். உறங்கிய வைரஸ் விழித்துப் பெருகியது, பாக்டீரியாக்கள் வெடித்தன. மூன்று ஆண்டு கழித்து, இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்த சுவிஸ் அறிஞர் ழான் வைக்லே இன்னொரு விந்தையைக் கண்டார். கதிரால் அடிபட்ட லாம்டா என்ற பாக்டீரியா வைரஸை நலமான பாக்டீரியாவில் விட்டால் பெரும்பாலும் அழிகிறது. பாக்டீரியாவையும் சிறிது கதிரில் காட்டிவிட்டு விட்டால் கூடுதலாகப் பிழைக்கிறது. பிழைத்தவற்றில் சடுதிமாற்றமும் மிகுதி. அடிபட்ட வீட்டில் அடிபட்டவன் பிழைக்கிறான் என்றால், அந்த வீடு அடிபட்ட பிறகு எதையோ புதிதாகச் செய்யத் தொடங்கியிருக்க வேண்டும்.

அந்த ‘எதையோ’ என்பதைக் கோத்துப் பார்த்தவர் எவலின் விட்கின். 1944இல் மாணவியாகக் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் புற ஊதாக் கதிர் ஆய்வைத் தொடங்கியவர், கதிர்பட்ட ஈ.கோலை பிரியாமல் நூலாக நீள்வதைக் கவனித்திருந்தார். நூலாக நீள்வதற்கும் வைரஸ் விழிப்பதற்கும் ஒரே வகைப் பூட்டு திறப்பதே காரணம் என்று 1967இல் எழுதினார். இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது அந்தத் தாவல்தான். 1976இல் அவர் எழுதிய விரிவான திறனாய்வுக் கட்டுரை துறை முழுவதும் படிக்கப்பட்டது. ராட்மன் வைத்த பெயர் அதனால் வேரூன்றியது.

பூட்டுக்கும் சாவிக்கும் வைத்த பெயர்களோ அன்று ஒரே குழப்பம். மரபணுக் கலப்பு நடக்காத பாக்டீரியாவில் 1965இல் கண்ட மரபணு ரெக்-ஏ. வெப்பம் கூடினால் நூலாக நீளும் வகையில் கண்டது டிஃப். சேதம் நேர்ந்ததும் குவியும் ஒரு புரதத்துக்குப் புரதம் எக்ஸ் என்றே பெயர். கடைசியில் மூன்றும் ரெக்-ஏ என்ற ஒரே சாவியில் போய் முடிந்தன. பூட்டின் பெயர் லெக்ஸ்-ஏ. எக்ஸ் கதிரால் எளிதில் பாதிக்கப்படும் இடம் என்பதன் சுருக்கம். லத்தீனில் லெக்ஸ் என்றால் சட்டம். தற்செயல்தான், ஆனாலும் மற்ற மரபணுக்களை அடக்கிவைக்கும் புரதத்துக்கு அது எவ்வளவு பொருந்துகிறது!

நடப்பது இதுதான். சேதத்தைத் தாண்ட முடியாமல் நகலெடுக்கும் நொதி தடுமாறும்போது, டி.என்.ஏ. அங்கே ஒற்றை இழையாக வெளிப்படுகிறது. அந்த இழையின் மேல் ரெக்-ஏ வரிசையாகப் படர்கிறது. அதைத் தொட்ட லெக்ஸ்-ஏ தன்னைத்தானே அறுத்துக்கொள்கிறது. நாற்பதுக்கு மேற்பட்ட மரபணுக்கள் விடுபடுகின்றன. முதலில் சேதத்தை வெட்டி நீக்கும் புரதங்கள் வருகின்றன. நகலெடுப்பு முடியும்வரை செல் பிரியாதபடி சுல்-ஏ என்ற புரதம் தடுக்கிறது. விட்கின் கண்ட நூல் இதனால்தான். வேறு வழியே இல்லாதபோது கடைசியாக பாலிமரேஸ் 5 என்ற நகலெடுக்கும் நொதி இறங்கி, சேதத்தின் குறுக்கே தப்பும் தவறுமாக நகலெடுத்துக் கடக்கிறது. வைக்லே கண்ட மிகுதியான சடுதிமாற்றம் இதன் வேலை. இந்த வேலைகளில் பல பழுதுபார்ப்பே அல்ல என்பதால், பெயரும் ‘எஸ்.ஓ.எஸ். துலங்கல்’ என்று அகன்றது.

லாம்டாவை உறங்கவைக்கும் புரதமும் ரெக்-ஏ படலத்தைத் தொட்டால் இதே போல் அறுபடும். 1975இல் முதலில் கண்டது இந்த வைரஸ் புரதம் அறுபடுவதைத்தான். லெக்ஸ்-ஏ அறுபடுவது தெளிவானது 1980 வாக்கில். வைரஸ் புரதம் லெக்ஸ்-ஏயைவிட மெதுவாக அறுபடுவதால், சின்னச் சேதத்துக்கு லாம்டா அசைவதில்லை. செல் பிழைக்காது என்ற நிலைமை நீடித்தால்தான் பெருகி வெளியேறுகிறது.

பெயர் ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் வந்துவிட்டது. ஒரு வேதிப்பொருள் டி.என்.ஏ.வைச் சிதைக்குமா என்று நிறமாற்றத்தால் காட்டும் எஸ்.ஓ.எஸ். குரோமோடெஸ்ட் 1982இல் வந்தது. ஈ.கோலை ஓ157 தொற்றில் விஷயம் இன்னும் கடுமை. சிறுநீரகத்தைத் தாக்கும் ஷிகா நச்சின் மரபணு அங்கே லாம்டாவின் உறவுக்கார வைரஸில் இருக்கிறது. சிப்ரோஃபிளாக்சசின் போன்ற மருந்து பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும், எஸ்.ஓ.எஸ். எழும், வைரஸ் விழிக்கும், நச்சு பெருகும். அதனால் இந்தத் தொற்று என்று தெரிந்தால் மருத்துவர்கள் பொதுவாக ஆண்டிபயாடிக் தருவதைத் தவிர்த்து, நீரிழப்பை ஈடுசெய்துகொண்டே சிறுநீரகத்தைக் கண்காணிக்கிறார்கள்.