பித்தளைப் பாத்திரம் கைப்பிடி ஆன கதை

நம் ஊர் வீடுகளில் படுக்கையறை என்பது ரொம்பப் புதிய வரவு. தாத்தா காலத்தில் பாய்தான். ராத்திரி கூடத்தில் விரித்தால் அது படுக்கையறை. காலையில் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால் மறுபடியும் கூடம். திண்ணையில் பெரியவர், முற்றத்தை ஒட்டிப் பிள்ளைகள், அடுக்களைக்குப் பக்கத்தில் பாட்டி. 'என் ரூம்' என்று யாரும் சொன்னதில்லை. சொல்வதற்கு ரூமே கிடையாதே!

பிறகு கட்டில் வந்தது. கட்டிலைத் தினமும் சுருட்டி வைக்க முடியாது. அதற்கென்று ஓர் அறை தேவைப்பட்டது. அறை வந்ததும் பின்னாலேயே பீரோ வந்தது. 'ப்யூரோ' என்ற பிரெஞ்சுச் சொல்தான் நம் வாயில் பீரோ ஆனது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது எழுதுகிற மேஜை. நாம் அதில் பட்டுப்புடவையை வைத்துப் பூட்டிவிட்டோம். பீரோவுக்கு மேலே சூட்கேஸ், சூட்கேஸுக்கு மேலே மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, கட்டிலுக்கு அடியில் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டா... கடைசியில் அந்த அறையில் மனிதர் படுப்பதற்கு மட்டும் கொஞ்சம் இடம் மிச்சம்.

பாண்டிச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டினால் தவளக்குப்பம். அங்கே வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத்தின் பத்துக்குப் பத்து அறையும் இப்படித்தான், சென்னை, மதுரை, கோவையிலும் இப்படித்தான். பி.காம். வகுப்பில் 'டெட் ஸ்டாக்' என்று சொல்லிக் கொடுப்பார்கள். விற்கவும் விற்காது, தூக்கிப் போடவும் மனசு வராது. ஆனால், அது அடைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு மாசாமாசம் வாடகை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். நம் படுக்கையறைக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடையாது.

இதற்கு வழி என்ன? வெளிநாட்டுப் புத்தகங்கள் ஏராளமாக வந்துவிட்டன. ஆனால், தவளக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்திலேயே, எண்பது வருடங்களுக்கு முன்பு இந்தக் கேள்விக்கு கான்க்ரீட்டில் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் பெயர் கோல்கோண்ட்.

1926-ல் உருவான அரவிந்தர் ஆசிரமத்தில் 1930-களில் கூட்டம் பெருகியது. சீடர்கள் தங்க இடம் போதவில்லை. ஒரு விடுதி கட்டலாம் என்று ஸ்ரீ அன்னை முடிவு செய்தார். பணம்? ஹைதராபாத் நிஜாம் அரசில் பெரிய பதவியில் இருந்த சர் அக்பர் ஹைதரி மூலமாக ஒரு லட்ச ரூபாய் வந்தது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! நிஜாமின் ஊர் ஞாபகமாக, கோல்கொண்டா கோட்டையின் பெயரையே பிரெஞ்சு உச்சரிப்பில் விடுதிக்கு வைத்தார்கள்.

வரைபடம் போட வந்தவர் அன்டோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டோடு டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஜப்பான் போய், அங்கேயே தனி அலுவலகம் தொடங்கியவர். அவருடைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் பாண்டிச்சேரிக்கு வந்தார்கள். ஒருவர் செக் நாட்டுக்காரர் ஃபிரான்டிஷெக் சாமர். இன்னொருவர் ஜார்ஜ் நகஷிமா. இவரைக் கொஞ்சம் கவனித்து வையுங்கள். கதையின் பின்பாதி இவருடையது.

அமெரிக்காவில் ஸ்போகேன் நகரில் 1905-ல் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர் நகஷிமா. 1937-ல் பாண்டிச்சேரி வந்தார். கொஞ்ச நாளிலேயே சம்பளம் வேண்டாம் என்று சொல்லி, சீடராகவே சேர்ந்துவிட்டார். அரவிந்தர் அவருக்குச் சூட்டிய பெயர் சுந்தரானந்தா. அழகில் ஆனந்தம் காண்பவர்.

கோல்கோண்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, துணி வைக்க ஓர் அலமாரி. எல்லாம் தேக்கு, எல்லாம் நகஷிமாவின் வடிவமைப்பு. வேறொன்றும் கிடையாது. அப்படியானால் அது ஜெயில் மாதிரி அல்லவா இருந்திருக்க வேண்டும்? இல்லை. அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

மரச்சாமான் எதை எங்கே போடுவது என்பதை அவர்கள் கடைசியில்தான் யோசித்தார்கள். முதல் கேள்வி, பாண்டிச்சேரி வெயிலில் இந்த மனிதருக்குக் காற்று எப்படி வரும்? கட்டடத்தின் நீண்ட பக்கங்களை வடக்கு, தெற்காகத் திருப்பினார்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில்தான் அடிக்கும். கண்ணாடி ஜன்னலே வைக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சுவர் முழுக்கத் திறந்து மூடும் சாய்ந்த பலகைகள். (அவை அஸ்பெஸ்டாஸ் சிமென்ட். உடம்புக்குக் கெடுதல் என்று தெரிந்துவிட்டதால் இன்றைக்கு யாரும் அதைச் சிபாரிசு செய்ய மாட்டார்கள்.) கூரைக்கு மேலே இன்னொரு கூரை, நடுவில் காற்றோட இடைவெளி. மேல் மாடி வீட்டில் மே மாதம் படுத்துப் புரண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது கேள்வி, காற்றுக்காகத் திறந்து போட்டால் தனிமை போய்விடுமே? அறைக் கதவுகளைத் தேக்குச் சட்டங்களால் செய்தார்கள். சட்டங்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். காற்று உள்ளே போகும், அடுத்தவர் கண் போகாது. கதவு பக்கவாட்டில் நகரும் என்பதால் திறக்க இடமும் அடைக்காது.

மூன்றாவதாகத்தான் மேஜை, நாற்காலி எல்லாம். நாம் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கட்டிலையும் பீரோவையும் வாங்கிவிடுகிறோம். பீரோ ஒரு ஜன்னலை மறைக்கிறது, கட்டில் இன்னொன்றை அடைக்கிறது. அப்புறம் 'இந்த ரூம்ல மூச்சு முட்டுதுப்பா' என்கிறோம்.

தரைக்குக் கடப்பா கல். சுவருக்குக் கிளிஞ்சலும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து நம் ஊர்க் கைப்பூச்சு. உலகத்தின் புத்தம்புது கட்டடக்கலையும் செட்டிநாட்டு வழுவழுப்பும் ஒரே அறையில்! இடையில் இரண்டாம் உலகப்போர் வந்தது. எல்லாம் முடிய 1940-களின் பாதி ஆகிவிட்டது. அப்போதும் சண்டிகருக்கு லெ கொர்பூசியே வந்திருக்கவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் கைப்பிடிகள். கதவுக்கும் பலகைகளுக்கும் வேண்டிய பித்தளைச் சாமான்களைக் கடையில் வாங்கவில்லை. பழைய பித்தளைப் பாத்திரங்களைச் சேகரித்து, உருக்கி, அங்கேயே வார்த்தார்கள். ஏதோ ஒரு வீட்டில் சும்மா கிடந்த பாத்திரம், இங்கே தினமும் ஒரு கை தொடும் பொருளாக மாறிவிட்டது. டெட் ஸ்டாக்குக்கு இதைவிட நல்ல கணக்கு முடிப்பு இருக்கிறதா என்ன?

இனி நகஷிமா.

1939-ல் அவர் பாண்டிச்சேரியை விட்டுக் கிளம்பினார். அமெரிக்கா திரும்பினார், கல்யாணம் செய்துகொண்டார், பெண் குழந்தை பிறந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குப் போக வேண்டியதாயிற்று. பெரும்பாலானவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். கையால் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மற்றதை வந்த விலைக்கு விற்றார்கள், விட்டுவிட்டுப் போனார்கள்.

கைக்குழந்தையோடு நகஷிமா குடும்பம் போய்ச் சேர்ந்தது ஐடஹோ மாநிலத்துப் பாலைவனத்தில் மினிடோகா முகாம். தார்க் காகிதம் ஒட்டிய மரக்கொட்டகை. குடும்பத்துக்கு ஓர் அறை. அங்கேயும் சாமான் ரொம்பக் குறைவுதான். ஒழுங்குபடுத்துவதைப் போதிக்கும் புத்தகங்களின்படி பார்த்தால் லட்சிய அறை! ஆனால் அதை யாராவது தன் அறை என்று சொல்வார்களா?

அந்த முகாமில் கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். ஜப்பானிய மரபில் தேர்ந்த கை. நகஷிமா அவரோடு சேர்ந்துகொண்டார். கட்டட வேலையில் மிச்சமான மரத்துண்டுகள், பாலைவனப் புதர்க் கட்டைகள், இவற்றை வைத்து ஒரு மாதிரி அறையைச் செய்து காட்டினார்கள். கொட்டகையையும் மனிதர் வாழும் இடமாக ஆக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம். உளியையும் இழைப்புளியையும் முறையாகக் கையாள நகஷிமா கற்றுக்கொண்டது அந்தச் சிறையில்தான். 1943-ல் பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேற்றுக்கொண்டதால் விடுதலை கிடைத்தது. பென்சில்வேனியாவில் ரேமண்டின் பண்ணைக்குப் போனார். பிற்காலத்தில் உலகமே தேடி வந்து வாங்கும் மரச்சாமான் கலைஞராக ஆனார். 1964-ல் அகமதாபாத் என்.ஐ.டி.க்கும் வந்து வேலை செய்தார். 1990-ல் காலமானார்.

இரண்டு அறைகள், இரண்டிலும் கொஞ்சம்தான் சாமான். கோல்கோண்டுக்கு வந்தவர்கள் வேண்டாம் என்று தாங்களே விட்டுவிட்டு வந்தவர்கள். மினிடோகாவுக்கு வந்தவர்களிடம் பிடுங்கப்பட்டது. அதனால்தான் முதல் அறையில் வெறும் கட்டிலும் நிறைவாக இருந்தது. இரண்டாவதில், ஒரு துண்டு மரத்தைத் தன் கையால் இழைத்து வைத்த பிறகுதான் அது கொஞ்சமாவது தன் இடம் ஆயிற்று. அறையைக் காலி செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எது இருக்கணும், எது போகணும் என்று முடிவு செய்வது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னால் வீட்டை ஒழுங்குபடுத்தக் கிளம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். முதலில் ஜன்னலை மறைக்கும் பொருளை நகர்த்துங்கள், காற்றுக்கு வழி விடுங்கள். அதுவே பாதி அறையைத் திருப்பிக் கொடுத்துவிடும். அடுத்து, அம்மாவின் அண்டாவை அம்மாவைக் கேட்காமல் எடைக்குப் போடாதீர்கள். பையனின் பழைய நோட்டுகளைப் பையன் ஸ்கூலுக்குப் போயிருக்கும்போது கட்டாதீர்கள். ஒப்பீடு கொஞ்சம் அதிகம்தான், இருந்தாலும் சொல்கிறேன். பிடுங்கிக் காலி செய்தால் அது சின்ன மினிடோகா. அவர்களே எடுத்துக் கொடுத்தால் அது கோல்கோண்ட்.

கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். அங்கே இருப்பதெல்லாம் யாருடையது? அவரைக் கேட்டீர்களா?